முன்னேற்பாட்டில் 'முன்' எதுக்கு?

ஒரு வாசகர், புதுச்சேரி — 7 அக்டோபர் 2024

கல்லூரி ஆண்டுவிழா அழைப்பிதழில், விழாவுக்கு முந்தைய வார நடவடிக்கைகளுக்கு 'முன்னேற்பாடுகள்' என்று தலைப்பு வைத்தோம். தமிழ்த்துறை ஐயா அடித்துவிட்டார். ஏற்பாடு என்றாலே முன்னால் செய்வதுதான், 'முன்' எதற்கு, நடுசென்டர் மாதிரி இருக்கிறது என்கிறார். அவர் சொல்வது சரியா? வேறு சொல் இருக்கிறதா? ஆயத்தம், முஸ்தீபு, தயாரிப்பு எல்லாம் யோசித்தோம். எதுவும் ஒட்டவில்லை.

பதில்: ஓர் அச்சகக்காரர், கடலூர் — 7 அக்டோபர், இரவு

'புயலுக்கு ஏற்பாடு செய்தார்கள்' என்று ஒரு வரி எழுதிப் பாருங்க. யாரோ பணம் கட்டிப் புயலை வரவழைத்த மாதிரி இருக்கும். 'புயலுக்கு முன்னேற்பாடு செய்தார்கள்' என்றால் அந்தச் சந்தேகம் வராது. கடலூர்க்காரனுக்கு இதை வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கல்யாண ஏற்பாடு, விருந்து ஏற்பாடு, கூட்டத்துக்கு ஏற்பாடு. இதெல்லாம் நாம நடத்துவது. மழை, வெள்ளம், புயல், கொள்ளைநோய் அதுவா வருவது. அதுவா வருவதற்குத்தான் 'முன்' வேணும். ஆகவே ஆண்டுவிழா அழைப்பிதழில் ஐயா அடித்தது சரி. அடித்ததற்குச் சொன்ன காரணம்தான் சரியில்லை.

2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய புயலுக்குப் பெயரே தானே. தானே வருவதற்கு எவன் ஏற்பாடு செய்வான்?

நான் மஞ்சக்குப்பத்தில் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், காதுகுத்து, கருமாதி, கட்சி போஸ்டர், எல்லாத்துக்கும் மேட்டர் என் மேசைக்குத்தான் வரும். இலக்கணம் படித்தவன் இல்லை. எந்தச் சொல்லை யார் அடிக்கிறார்கள், எதைக் கடைசி நிமிஷத்தில் மாற்றச் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறவன்.

8 அக்டோபர்

ஐயாவோடு ஒத்துப்போகிற நடுசென்டர் கோஷ்டி ராத்திரியே இந்த இழையில் வந்து இறங்கிவிட்டது. முன்பதிவு, முன்பணம், முன்ஜாமீன், முன்னெச்சரிக்கை எல்லாவற்றிலும் 'முன்' வீண் என்று பட்டியல்.

முன்பணத்தில் முன்னை எடுத்துட்டு முழுப் பணத்தையும் கொடுங்க, அச்சகக்காரனாக எனக்கு ஆட்சேபணையே இல்லை. முன்ஜாமீனில் எடுத்தால் கட்சிக்காரர் உள்ளே போய்விட்டுத்தான் வெளியே வரணும்.

முன்னெச்சரிக்கை மட்டும் கொஞ்சம் யோசிக்க வைத்தது. எச்சரிக்கை எப்போதும் முன்னால்தான். ஆனாலும் புழக்கம் இரண்டையும் பிரித்துவிட்டது. எச்சரிக்கை 'விடுவது', முன்னெச்சரிக்கை 'எடுப்பது'. வானிலை மையம் விடுகிறது, நாம எடுக்கிறோம், அல்லது எடுக்காமல் இருக்கிறோம். வினையைப் பார்த்தாலே இரண்டும் வேற வேற சொல் என்று தெரிந்துவிடும். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

10 அக்டோபர்

விருத்தாசலத்திலிருந்து ஒருத்தர் நல்ல கேள்வி கேட்டார். 'தேர்தல் முன்னேற்பாடுகள்', 'திருவிழா முன்னேற்பாட்டுக் கூட்டம்' என்று தினமும் செய்தித்தாளில் வருகிறதே, தேர்தலும் திருவிழாவும் தானாகவா வருகிறது?

வடலூர் தைப்பூசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சபையில் ஏழு திரை விலக்கி ஜோதி காட்டுவது. அதைச் செய்கிறவர்களுக்கு அது ஏற்பாடு. எண்ணெய், திரி, திரை, தருமசாலை அடுப்பு, அரிசி எல்லாம் அவர்கள் கைக்குள் இருக்கிறது. அதே நாளுக்கு மாவட்ட நிர்வாகம் கூட்டம் போட்டால் முன்னேற்பாடு. ஏன்? அவர்களுக்கு ஜோதி பிரச்சினை இல்லை, ஜனம்தான் பிரச்சினை. லட்சக்கணக்கில் வரும் ஜனம் மழை மாதிரி. யாரும் கணக்குப் போட்டு அனுப்புவதில்லை. தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், தற்காலிகப் பேருந்து நிலையம், குடிநீர்த் தொட்டி எல்லாம் அந்த அதுவா வருவதை நினைத்துச் செய்வது.

ஆக, நிகழ்ச்சி எது என்பதை விட, சொல்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பார்க்கணும். தேவனாம்பட்டினம் மாசி மகத்துக்குச் சாமியைத் தூக்கி வருகிற ஊர்க்காரர் 'ஏற்பாடு' என்பார். கடற்கரையில் கயிறு கட்டி நிற்கிற காவலர் 'முன்னேற்பாடு' என்பார். ஒரே காலை, ஒரே கடல்.

7ஆம் தேதி எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்கணும்.

12 அக்டோபர்

நேற்று ஆயுதபூஜை. மெஷினைத் துடைத்து, பழைய மை சுரண்டி, ரோலர் கழுவி, பொட்டு வைத்து முடிக்க ராத்திரி ஆகிவிட்டது. இதற்கு எங்கள் கடைப் பையன் என்ன சொல் வைத்திருக்கிறான் தெரியுமா? 'பூஜை வேலை'.

அவ்வளவுதான். இத்தனை பேர் இத்தனை சொல் சொன்னீங்க, யாருமே 'வேலை' என்று சொல்லவில்லை. கல்யாண வேலை, திருவிழா வேலை, தீபாவளி வேலை, தேர்தல் வேலை. 'கல்யாண வேலை தலைக்கு மேல கிடக்கு' என்று சொல்லாத அம்மா இந்த ஜில்லாவில் உண்டா? 'கல்யாண முன்னேற்பாடுகளில் ஈடுபட்டிருக்கிறேன்' என்று எந்த அம்மாவாவது சொன்னால் அவர் தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிறவராக இருக்கணும்.

20 அக்டோபர்

கோயில் நோட்டீஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இது எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் நீளமாகப் போகும்.

பிரம்மோற்சவ நோட்டீஸில் 'முதல் நாள்' என்று பெரிய எழுத்தில் இருப்பது கொடியேற்றம். ஆனால் அதற்கு மேலே, சின்ன எழுத்தில், நாள் எண் இல்லாமல் ஒரு கொத்து இருக்கும். அனுக்ஞை, விக்னேஸ்வர பூஜை, வாஸ்து சாந்தி, மிருத்சங்கிரகணம், அங்குரார்ப்பணம், ரக்ஷாபந்தனம். எண் போடப்படாத நாட்கள் அவை. உபயதாரர் பெயரும் அநேகமாக இருக்காது. பத்து நாள் உபயத்துக்குப் போட்டி போடுகிறவர்கள் மண் எடுக்கிற நாளுக்கு வருவதில்லை.

மிருத்சங்கிரகணம் என்றால் மண் எடுத்தல். சுத்தமான இடத்தில் பூமியைப் பூஜித்து, தோண்டி, மண்ணைத் தாம்பாளத்தில் ஏந்தி, மேளத்தோடு கோயிலுக்கு வருவார்கள். அந்த மண்ணைப் பாலிகையில் நிரப்பி நவதானியத்தைப் பாலில் நனைத்து விதைப்பது அங்குரார்ப்பணம். நம் வீட்டுக் கல்யாணத்தில் முளைப்பாரி, பாலிகை என்று செய்வதும் இதே குடும்பம்தான். விழா முடிகிற வரை முளை வளர்ந்துகொண்டே இருக்கும். ரக்ஷாபந்தனம் காப்புக் கட்டுவது. கட்டிக்கொண்ட குருக்களுக்கு அதன் பிறகு வேறு சோலி கிடையாது.

கும்பாபிஷேகப் பத்திரிகையில் இதற்கு ஒரு மொத்தப் பெயரே உண்டு. 'பூர்வாங்க பூஜைகள் ஆரம்பம்'. நிகழ்ச்சிக்கு முந்தைய நடவடிக்கை என்பதற்கு நேர்ச் சொல் தேடுகிற நண்பருக்கு, இதோ பூர்வாங்கம். ஆண்டுவிழாவுக்குப் போட்டுவிடாதீர்கள், வருகிறவர்கள் யாகசாலை எங்கே என்று கேட்பார்கள். அரசாங்கத்தில் இது இன்னொரு வாழ்க்கை வாழ்கிறது. 'பூர்வாங்கப் பணிகள் தொடங்கின' என்றால் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நாலு நட்டிருக்கிறார்கள், அடுத்த தேர்தல் வரை அந்தக் கல்லில் ஆடு உரசிக்கொண்டிருக்கும் என்று பொருள்.

கிராமத்து மாரியம்மன் நோட்டீஸில் இவ்வளவு சமஸ்கிருதம் இருக்காது. காப்புக் கட்டுதல், சாகை வார்த்தல், செடல், தேர், தீமிதி. சாகை வார்த்தல் என்றால் மதுரைப் பக்கத்து நண்பர்களுக்குப் புரியாது. கூழ் வார்ப்பதைத்தான் இந்தப் பக்கம் அப்படிச் சொல்கிறோம். இதில் காப்புக் கட்டுவது முன்வேலையா, விழாவா? காப்புக் கட்டியாச்சு என்றால் ஊரை விட்டு வெளியே தங்கக் கூடாது, கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. இவ்வளவு கட்டுப்பாட்டோடு இருப்பதை முன்வேலை என்று எப்படிச் சொல்வது? என் கணக்கில் விழா அங்கேயே தொடங்கியாச்சு. மைக் செட் வந்தது மட்டும் பிறகு.

20 அக்டோபர், சற்று நேரம் கழித்து

மேலே ஒன்று விட்டுப்போச்சு. ஆயத்தம். புதுச்சேரியில் மாதா கோயில் அச்சு வேலை செய்கிற நண்பர் ஞாபகப்படுத்தினார். தமிழ் வேதாகமத்தில் பஸ்காவுக்கு முந்தைய நாள் 'ஆயத்தநாள்'. இந்தச் சொல்லுக்கு உயிர் இருப்பது அங்கேதான். 'ஆயத்தமாயிருங்கள்' என்று கேட்டால் ஒரு நடுக்கம் வருகிறது இல்லையா? ஜவுளிக்கடையில் 'ஆயத்த ஆடை' என்று பார்த்தால் அந்த நடுக்கம் போய்விடும்.

பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு பற்றி இரண்டு பேர் ஜோக் அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஏற்பாடு உடன்படிக்கை. விட்டுவிடலாம்.

24 அக்டோபர்

முஸ்தீபு.

உருது வழியாக வந்த அரபுச் சொல், 'முஸ்தஈத்', தயாராக இருப்பவர் என்று பொருள். தாசில்தார், ஜப்தி, அமீனா, தாக்கல் இவையெல்லாம் வந்த அதே ராஜபாட்டையில் வந்தது. அகராதி 'ஆயத்தம்' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் புழக்கத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது, அதைக் கவனித்தீர்களா? யாரும் தன்னைப் பற்றி முஸ்தீபு என்று சொல்ல மாட்டார்கள்.

'அவரு முஸ்தீபு பலமா இருக்கே' என்போம். 'கூட்டணிக்கு முஸ்தீபு நடக்குது' என்று பத்திரிகை எழுதும். 'நான் முஸ்தீபு பண்ணிக்கிட்டிருக்கேன்' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு மறுக்கும். அது வேடிக்கை பார்க்கிறவனுடைய சொல். வேலியோரம் நின்று, எதிர்வீட்டில் நாற்காலி இறங்குவதைப் பார்த்து, என்னவோ நடக்கப்போகுது என்று மோப்பம் பிடிக்கிறவனுடைய சொல். அதில் கொஞ்சம் சந்தேகம், கொஞ்சம் கிண்டல், சில சமயம் பயம். போர் முஸ்தீபு என்பார்கள், எதிரி நாட்டைத்தான். நம் நாடு செய்தால் 'தயார் நிலை'.

அதனால் ஆண்டுவிழா அழைப்பிதழில் 'முஸ்தீபுகள்' என்று போட்டால் மாணவர்கள் ஏதோ ஸ்டிரைக்குக்குத் தயாராகிறார்கள் என்று முதல்வர் பயந்துவிடுவார்.

இன்னொரு வேடிக்கை. பந்தோபஸ்து. பாரசீகத்தில் 'பந்த் ஒ பஸ்த்', இரண்டுமே கட்டுவது, முடிச்சுப் போடுவது என்ற பொருள். ஏற்பாடு, நிர்வாகம் என்றுதான் அர்த்தம். இந்தியாவுக்கு வந்து, தமிழுக்கு வந்து, கடைசியில் லத்தியோடு நிற்பது மட்டும் பந்தோபஸ்து ஆகிவிட்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் தட்டுப்பட்டது. 20ஆம் தேதிக் குறிப்பில் பாருங்கள்: காப்புக் கட்டு. அதோடு சேருங்கள்: தோரணம் கட்டு, வேஷம் கட்டு, எல்லை கட்டு, சதங்கை கட்டு, மூட்டை கட்டு. சண்டைக்குப் போகிறவன் வரிந்து கட்டிக்கொண்டு போகிறான். தமிழில் ஒன்று நடப்பதற்கு முன் எதையாவது கட்டியாக வேண்டும். பாரசீகனுக்கும் அதுவே தோன்றியிருக்கிறது. ஏற்பாடு, முன்னேற்பாடு எல்லாம் எழுத்துச் சொல். ஊர் வாயில் முன்வேலை என்றால் பாதிக்குப் பாதி 'கட்டு'தான்.

25 அக்டோபர்

'கடன் கட்டு' இதில் சேருமா என்று கேட்ட மகானுபாவருக்கு வணக்கம். சேரும். கல்யாணம் முடிந்த பிறகு.

1 நவம்பர்

தீபாவளி முடிந்த மறுநாள், இன்று புதுச்சேரிக்கு விடுதலை நாள். எங்களுக்கு வெறும் வெள்ளிக்கிழமை. பாகூர் ரோட்டில் மாமன் வீட்டுக்குப் போனால் அங்கே கொடி பறக்கும், இங்கே கடலூரில் கடை திறந்திருக்கும்.

மாமனோடு உட்கார்ந்தால் இந்த இழையைத் தொடாமல் முடியாது. அவர் கேட்டார்: 'ஏன் மாப்ள, எங்க விடுதலைல எது விசேஷம், எது முன்னேற்பாடு?'

1954 அக்டோபர் 18, கீழூரில் வாக்கெடுப்பு. மக்கள் பிரதிநிதிகள் 178 பேர், இந்தியாவோடு சேர 170, எதிர்த்து 8. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று நிர்வாகம் கை மாறியது. 1956 மே மாதம் ஒப்பந்தக் கையெழுத்து. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்து சட்டப்படி மாறியது 1962 ஆகஸ்ட் 16. சட்டக்காரன் கண்ணில் 1962தான் நிகழ்ச்சி. மிச்சமெல்லாம் பூர்வாங்கம். நிர்வாகத்தின் கண்ணில் 1954 நவம்பர். கீழூர்க்காரரைக் கேட்டால் அக்டோபர் 18. நினைவிடம் அங்கேதானே இருக்கிறது.

ரொம்ப நாள் ஆகஸ்ட் 16ஐ மட்டும் கொண்டாடினார்கள், பிறகுதான் நவம்பர் 1 விடுதலை நாளாக அரசு விழா ஆனது. எது முன், எது நிகழ்ச்சி என்பதை நாள்காட்டி அடிக்கிறவன் தீர்மானிக்கிறான். நாள்காட்டியும் நான் அடிக்கிறேன் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

8 நவம்பர்

கல்யாணத்தைப் பற்றி யாருமே எழுதவில்லையே என்று ஒருத்தர் வருத்தப்பட்டார். எழுதுகிறேன்.

பந்தக்கால் என்று பத்திரிகையில் போடச் சொல்கிறவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். மூங்கிலோ, பால் வடிகிற மரக் கொம்போ, நுனியில் மாவிலை, நவதானிய முடிச்சு, மஞ்சள் துணி, குழியில் பால் ஊற்றி நடுவது. மண்டபத்தில் தரை முழுக்க கிரானைட். எங்கே நடுவது? மணல் நிரப்பின பிளாஸ்டிக் வாளியில் நிற்க வைக்கிறார்கள். வாளியைச் சுற்றி ஜிகினா ஒட்டிவிடுவார்கள், படத்தில் தெரியாது.

அதற்குப் பதிலாகப் புதுசாக ஒன்று வந்திருக்கிறது. 'ப்ரீ வெட்டிங் முடிஞ்சுதா?' என்று கேட்கிறார்கள். ஷூட் என்ற சொல்கூட உதிர்ந்துவிட்டது. அர்த்தம் ஒன்றே ஒன்று: புதுச்சேரி போய் ஏதாவது ஒரு மஞ்சள் சுவர் முன்னால் நின்றாச்சா என்பது. வெள்ளைக்காரத் தெருவில் ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஒரே சுவருக்கு நாலு ஜோடி வரிசையில் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு பெண் கவுனைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, காலில் ஹவாய் செருப்போடு, தன் முறை வருவதற்குள் டீ குடித்துக்கொண்டிருந்தது. முறை வந்ததும் செருப்பைத் தங்கச்சிக்காரியிடம் தள்ளிவிட்டது. கவுன் மறைத்துக்கொண்டது.

ஆனால் இதையெல்லாம் விட முக்கியமானது முதல்நாள் வரவேற்பு. எங்கள் பக்கம் ரிசப்ஷன் கல்யாணத்துக்கு முந்தைய நாள் மாலை. மொய் அங்கே, சாப்பாடு அங்கே, மெல்லிசை அங்கே, ஊர்ப் பெரிய மனுஷன் வருவது அங்கே. மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு சொந்தக்காரர் மட்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தாலி கட்டுவதற்கு முன்னமே ஜோடியாக மேடையில் நிற்க வைத்து வாழ்த்தி அனுப்பிவிடுகிறோம். பத்திரிகையில் முகூர்த்தம்தான் கொட்டை எழுத்தில் இருக்கும், வரவேற்பு கீழே ஒரு வரி. ஜனம் அந்த ஒரு வரியைத்தான் படிக்கிறது.

சில வீட்டில் 'வரவேற்பைப் பெரிசா போடுங்க சார்' என்று வெளிப்படையாகவே கேட்கிறார்கள். போட்டுக்கொடுக்கிறேன்.

17 நவம்பர்

கூத்து. நேற்று நெல்லிக்குப்பம் பக்கத்து கிராமம் ஒன்றில் பார்த்துவிட்டு வந்தேன், கண் இன்னும் எரிகிறது.

தெருக்கூத்தில் கதை தொடங்குவதற்கு முன் களரி கட்டுவார்கள். மிருதங்கம், தாளம், ஆர்மோனியம், முகவீணை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கொட்டும். பாட்டு இல்லை, வேஷம் இல்லை. வெற்றிடத்தில் சத்தம் மட்டும். அது ஊர் முழுக்கப் போய் ஆட்களை இழுத்து வரும். பக்கத்திலே கீற்றுத் தடுப்புக்குள் அரிதாரம் பூசுகிறார்கள். துரியோதனன் வேஷக்காரர் புஜக்கட்டைக் கயிற்றின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுமுனையைத் தானே இழுத்து முடிச்சுப் போட்டார். பீடி பிடிக்கத் தோது இல்லாததால் பையன் ஒருத்தன் வாயருகே நீட்டினான். கட்டை எல்லாம் கட்டி முடிய ரொம்ப நேரம் ஆச்சு. அதுவரை வெளியே களரி நிற்கவே இல்லை.

களரி 'கட்டுவது' என்ற வினையைக் கவனிக்கவும். 24ஆம் தேதிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோயிலில் இதற்கு இணை மல்லாரி. சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரம் வாசிப்பது, கம்பீர நாட்டை ராகம், சாகித்தியம் கிடையாது. தேருக்குத் தேர் மல்லாரி, மடைப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, தீர்த்தம் கொண்டுவரத் தீர்த்த மல்லாரி. சிதம்பரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் மல்லாரி கேட்டால் தெரிந்துவிடும், கிளம்பியாச்சு என்று.

ஒரு தமிழாசிரியை கால்கோளை நினைவூட்டியிருக்கிறார். நன்றி. தொல்காப்பியத்தில் நடுகல்லுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படி. கல்லைப் பார்த்து வைப்பது, எடுக்கத் தொடங்குவது, நீராட்டுவது, பிறகுதான் நடுவது. கண்ணகிக்குக் கல் எடுத்த கதையில், சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்துக் காதைப் பெயர்களே இந்த வரிசையில்தான் போகின்றன. முன்வேலைக்குத் தனித்தனிக் காதை! இப்போது கால்கோள் விழா என்றால் அமைச்சர் வந்து செங்கல் வைப்பது. சொல் கெட்டுப்போகவில்லை, ஆனால் மெலிந்துவிட்டது.

என் அபிப்பிராயம் இப்போது இப்படி இருக்கிறது: ஒவ்வொரு முன்வேலைக்கும் தமிழில் சொந்தப் பெயர் இருந்தது. பந்தக்கால், காப்பு, களரி, மல்லாரி, கால்கோள். எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே தலைப்பு வேணும் என்பது ஆபீஸ் ஃபைலுக்குத்தான். ஃபைலுக்கு முன்னேற்பாடு போதும்.

28 நவம்பர்

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். கூண்டு எண் என்றால் என்ன என்று சென்னை நண்பர் கேட்டார். 1 முதல் 11 வரை. 1 என்றால் தூரத்தில் எங்கேயோ உருவாகியிருக்கிறது. 8, 9, 10 என்றால் பெரும் அபாயம், வலப்பக்கமா இடப்பக்கமா நேரேயா என்பதைப் பொறுத்து. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோச்சு. பகலில் கம்பத்தில் கூம்பும் உருளையும், ராத்திரியில் விளக்கு.

பேப்பர் ரீம்களை மேசைக்கு ஏற்றிவிட்டேன். பிறகு எழுதுகிறேன்.

30 நவம்பர்

கரண்ட் இல்லை. காற்று.

5 டிசம்பர்

எல்லோரும் நலம். விசாரித்தவர்களுக்கு நன்றி.

ஃபெஞ்சல் புயல் 30ஆம் தேதி ராத்திரி புதுச்சேரி அருகே கரையேறியது, ஏறின இடத்திலேயே மணிக்கணக்காக நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது முடிந்தது என்று மூச்சு விடுவதற்குள் சாத்தனூர் அணையில் வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்து, தென்பெண்ணை 2ஆம் தேதி எங்கள் பக்கம் வந்துவிட்டது.

அக்கா வீடு ஆற்றோரம். புயலுக்கு என்று எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்து வைத்திருந்தார்கள். கிழக்கு ஜன்னலுக்குப் பலகை அடித்து, மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, தென்னை மட்டையெல்லாம் வெட்டி, மெழுகுவத்தி, பால் பவுடர், சார்ஜ் போட்ட விளக்கு. புயல் ஓட்டைக்கூட அசைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது, பின்கட்டு வழியாகத் தண்ணீர் வந்தது. அரிசி டிரம் மிதந்து போய் மாட்டுக்கொட்டகைத் தூணில் முட்டி நின்றது. 'எல்லாம் கடலைப் பாத்தே செஞ்சிட்டோம்டா, தண்ணி மேற்கால இருந்து வருது' என்றார் அக்கா. 2015லும் வெள்ளம் பார்த்தவர்தான்.

இதைப் படித்துவிட்டு, அப்போ முன்னேற்பாடு வீண் என்கிறீர்களா என்று கேட்காதீர்கள். தொட்டி பறக்கவில்லை. பால் பவுடர் உதவியது. தானேவில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தபோது மரத்துக்கு யாரால் என்ன முன்னேற்பாடு செய்திருக்க முடியும்? மனுஷனுக்குச் செய்யலாம், ஆட்டுக்கு மாட்டுக்குச் செய்யலாம்.

சொல் விவாதத்துக்கு ஒரே ஒரு ஒட்டு. முகாமில் இருந்த ஒரு பெரியவர், சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக்கொண்டே, 'நல்ல ஏற்பாடு' என்றார். முன் போடவில்லை. சாப்பாடு மனுஷன் செய்வது அல்லவா.

4 ஜனவரி 2025

சிதம்பரத்தில் ஆருத்ராவுக்கு இன்று கொடி. இழையில் மிச்சம் கிடக்கும் கேள்விகளுக்கு வேகமாக.

ஒத்திகை வேற, வெள்ளோட்டம் வேற. ஒத்திகை ஆளுக்கு, வெள்ளோட்டம் பொருளுக்கு. குடியரசு தினத்துக்கு அணிவகுப்பு ஒத்திகை. புதுத் தேர் செய்தால் சுவாமி ஏற்றாமல் வெறுந்தேரை ஓட்டிப் பார்ப்பது வெள்ளோட்டம். அந்தச் சொல்லை இப்போது மெட்ரோ ரயிலுக்கும் செயலிக்கும் கொடுத்துவிட்டார்கள், நல்ல விஷயம். பேரிடர் மீட்பு ஒத்திகையில் தேவனாம்பட்டினத்துப் பையன்கள் காயம்பட்டவர்களாக நடிக்க வரிசையில் நிற்பார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே செல்ஃபி எடுத்தவனைத் திட்டி இறக்கிவிட்டார்கள்.

முன்னோட்டம் சினிமாவுக்குப் போய்விட்டது. தயாரிப்பும் அப்படியே. 'கல்யாணத் தயாரிப்பு' என்றால் யார் பணம் போட்டது என்று கேட்பார்கள்.

நிகழ்ச்சி முடிந்த பிறகு செய்வதற்கு என்ன சொல் என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். கோயிலில் கொடியிறக்கம், காப்பு அவிழ்ப்பது, அதற்கப்புறம் விடையாற்றி. வீட்டில் மறுவீடு. ஆண்டுவிழாவுக்கு, நாற்காலி எண்ணிப் பார்ப்பது. இதற்குத் தனி இழை போடுங்கள், தை முகூர்த்தப் பத்திரிகை மொத்தமும் புரூஃபில் நிற்கிறது, நான் மாசியில் வந்து சேர்ந்துகொள்கிறேன்.